நண்பனின் ராக் கச்சேரிக்கு உதவப் போகிறவர்களின் கேள்விகள்

நான் மேடையில் வாசித்ததே இல்லை. வாசிக்கிற நண்பர்களுக்கு ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்குகிற பெட்டி) தூக்கி, கேபிள் சுற்றி, அறுந்த கம்பி மாற்றிக் கொடுத்தே பல வருடம் ஓடிவிட்டது. சின்ன அரங்கு, ஐம்பதிலிருந்து இருநூறு பேர், சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத குழு. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஸ்டேடியம் பற்றிக் கேட்டால் கையை விரித்துவிடுவேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, அடுத்த வாரம் நண்பனின் குழு வாசிக்கிறது. "சும்மா வந்து ஹெல்ப் பண்ணுடா" என்கிறான். எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. போய் என்ன செய்வது?

பதில்: "சும்மா" என்றால் என்னவென்று இப்போதே கேட்டுவிடுங்கள். சாமான் தூக்குவதா, மேடையோரம் நிற்பதா, வாசலில் சீட்டுப் பார்ப்பதா, டி-ஷர்ட் விற்பதா? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நான்கையும் தலையில் போட்டுக்கொண்டவர், தேவைப்படும் நேரத்தில் நான்கு இடத்திலும் இருக்க மாட்டார்.

வாத்தியம் தெரியாதது குறையே இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்தான் ஆபத்து, கை சும்மா இருக்காது. என் முதல் கச்சேரியில், ஆம்ப் முகப்பில் தூசி படிந்திருக்கிறதே என்று துணியால் நன்றாகத் துடைத்து வைத்தேன். குமிழ்கள் அத்தனையும் இடம் மாறிவிட்டன. கிதார்காரன் முதல் பாட்டு முழுக்கக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அவற்றைத் திருகிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் ஆம்ப், பெடல் (காலால் மிதித்துக் கிதார் ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டி) எதை நகர்த்துவதானாலும் முதலில் குமிழ்கள் நிற்கிற நிலையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்கிறேன்.

முன்பக்கம் மூடிய ஷூ, கறுப்புச் சட்டை, தலையில் மாட்டுகிற சின்ன டார்ச், தடித்த மார்க்கர், கேஃபர் டேப், காதடைப்பான். இவ்வளவு எடுத்து வந்தால் போதும். சட்டை ஏன் கறுப்பு என்றால், பாட்டு நடுவில் மேடையில் குறுக்கே ஓட வேண்டி வந்தாலும் கண்ணில் படமாட்டீர்கள்.

கேள்வி: கேஃபர் டேப்தான் வேண்டுமா? வீட்டில் இருக்கிற பேக்கிங் டேப் போதாதா?

பதில்: போதாது. பேக்கிங் டேப் பளபளக்கும், உரிக்கும்போது கேபிள் மேல் பசை நிற்கும். கேஃபர் டேப் துணியில் செய்தது. கையாலேயே கிழிக்கலாம், பசையும் அவ்வளவாகத் தங்காது. ஆள் நடக்கிற இடத்தில் கேபிளின் நீளம் முழுக்க ஒட்டுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறுக்கே ஒட்டினால் நடுவில் கால் மாட்டும்.

கேள்வி: கேபிளை முழங்கையில் சுற்றினேன். சவுண்ட் இன்ஜினியர் முறைத்தார். ஏன்?

பதில்: முறைத்ததோடு விட்டாரே! முழங்கையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிள் ஒரு முறுக்கு வாங்குகிறது. உள்ளே இருக்கிற மெல்லிய செப்புக் கம்பிகள் முறுகி முறுகி ஒருநாள் அறுந்துபோகும், அதுவும் பாட்டு நடுவில்.

ஒரு வளையத்தைச் சாதாரணமாகப் போடுங்கள். அடுத்ததை, மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பி, கேபிள் வளையத்துக்கு அடியில் வருகிற மாதிரி போடுங்கள். மாறி மாறி இப்படியே. ஒன்றில் விழுந்த முறுக்கை அடுத்தது அவிழ்த்துவிடும். இப்படிச் சுற்றிய கேபிளை ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வீசினால் சிக்கில்லாமல் நேராக ஓடும். நுனியை வளையங்களுக்குள் நுழைத்து எடுத்துவிட்டால் மட்டும் முடிச்சு முடிச்சாக விழும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய கேபிளை வைத்துப் பத்து முறை பழகிவிட்டு வந்தால், மேடையில் உங்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

கேள்வி: பேஸ் கிதார் ஆம்ப் "ம்ம்ம்" என்று இரைகிறது. போன கச்சேரியில் ஒருவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார், இரைச்சல் நின்றுபோனது. நாங்களும் அப்படியே செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்த ஒரு பதிலையாவது குழுவில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக் பாயிண்டில் எர்த் ஆகியிருக்கும். ஆடியோ கேபிள் வழியாகவும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அப்போது எர்த் பாதை ஒரு வளையமாகிவிடுகிறது. அதில் ஓடுகிற சிறு மின்னோட்டம்தான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மாகக் காதில் விழுகிறது. எர்த்தைப் பிடுங்கினால் வளையம் அறுபடும், உண்மைதான். ஆனால் ஆம்புக்குள் ஏதாவது பழுதாகி மின்சாரம் உலோகப் பகுதிக்கு வந்துவிட்டால், அது இறங்கிப் போக வழியே இல்லை. கிதார் கம்பியில் கை வைத்தபடி பாடுகிறவரின் உதடு மைக்கில் படும். அவர் உடம்பே வழியாகிவிடும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972இல், பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கித்தான் இறந்தார்.

செய்ய வேண்டியது இது: மேடையில் இருக்கிற ஆம்ப், பெடல் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். பவர் கேபிளும் ஆடியோ கேபிளும் ஒட்டி ஓடக் கூடாது. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும். பேஸிலிருந்து மிக்சருக்கு (எல்லா ஒலியையும் கலந்து அளவு வைக்கிற பலகை) போகிற வழியில் டிஐ பாக்ஸ் (அடுத்த பதிலில் சொல்கிறேன்) இருந்தால் அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த் அப்படியே இருக்கும். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரங்கின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அந்த டிஐ பாக்ஸ் வேறு எதற்கு?

பதில்: கிதார் கேபிள் சுமார் ஆறு மீட்டருக்கு மேல் நீண்டால் ஒலியின் கூர்மை மங்கும், இரைச்சலும் ஏறும். டிஐ பாக்ஸ் அந்த சிக்னலை மைக் கேபிளில் போகிற வகையாக மாற்றித் தரும். அப்புறம் அரங்கின் மறுகோடி வரை தைரியமாகக் கொண்டுபோகலாம்.

கேள்வி: "ஆம்பை ஆன் பண்ணி வை" என்றால் சுவிட்சைப் போட்டால் போதும்தானே?

பதில்: வால்வு ஆம்பா (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடாகி வேலை செய்கிற வகையா) என்று முதலில் கேளுங்கள். ஆம்ப் ஹெட் தனியாக, ஸ்பீக்கர் பெட்டி தனியாக இருந்தால், இரண்டையும் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். இணைக்கிற கேபிளும் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிதார் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், எல்லோரும் ஏமாறுகிற இடம் அது. ஸ்டேண்ட்பை சுவிட்ச் இருந்தால் ஒரு நிமிடம் போல வால்வு சூடாக விட்டு அப்புறம் போடுங்கள்.

அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு வேறு கணக்கு. ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் "டப்" என்று ஒரு அடி கேட்கும், அந்த அடி ஸ்பீக்கருக்கும் நல்லதில்லை.

கேள்வி: மூன்று குழுக்களில் நாங்கள்தான் முதலில் வாசித்தோம். ஆனால் சவுண்ட் செக்குக்கு (கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது) எங்களைக் கடைசியில் விட்டார்கள், பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இது ஓரவஞ்சனைதானே?

பதில்: வழக்கமே அதுதான். கடைசியில் வாசிக்கிற குழு முதலில் செக் செய்யும், முதலில் வாசிக்கிற குழு கடைசியில். அப்போதுதான் உங்கள் சாமான் மேடையிலேயே இருக்கும், கதவு திறந்ததும் அப்படியே வாசிக்க ஆரம்பிக்கலாம். உங்களுக்கு முன்னால் செக் செய்கிற இரண்டு குழுக்கள் இழுத்தடித்தால் அடி உங்களுக்கு விழும் என்பது மட்டும் நிஜம்.

பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றால், முறை வருவதற்கு முன்பே மேடைக்கு வெளியில் டிரம்ஸைப் பூட்டி, பெடல் பலகையை இணைத்து, கிதாரைச் சுருதி சேர்த்துத் தயாராக நிற்கலாம். டிரம் செட்டை எல்லாக் குழுக்களும் பகிர்வதாக இருந்தால், ஸ்னேர் டிரம், சிம்பல் தட்டுகள், கிக் டிரம்மைக் காலால் அடிக்கிற பெடல் மூன்றையும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். செக் பெரும்பாலும் கிக் டிரம்மில் ஆரம்பித்துப் பாடகரில் முடியும். டிரம்மரின் முறையில் கிதார்காரர் தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்தால் அவர் வாயை அடைப்பது, அதாவது கம்பியை அடைப்பது, உங்கள் வேலை.

கேள்வி: பாட ஆரம்பித்தாலே மைக் கூவுகிறது.

பதில்: மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கரில் வந்து, அதையே மைக் திரும்ப வாங்குகிறது. முதலில் பாடகரின் கையைப் பாருங்கள். ஸ்டைலாக மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்திருப்பார். முன்பக்கம் மட்டும் கேட்கும்படி செய்யப்பட்ட மைக், பொத்தியதும் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர்) வைத்த இடம். எங்கும் கிடைக்கிற ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம், மானிட்டர் அங்கே இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு வகைக்குப் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும். அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் சவுண்ட் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் மிக்சரில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பாட்டு நடுவில் கிதார் கம்பி அறுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாற்றுக் கிதார் இருக்கிறதா என்பதைத் தயவுசெய்து கச்சேரிக்கு முன்பே கேளுங்கள். இருந்தால் சுருதி சேர்த்து, வார் மாட்டி, மேடையோரம் ஸ்டாண்டில் நிற்கட்டும். பாட்டு முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டு அறுந்ததை ஓரமாகக் கொண்டுபோய் நிதானமாக மாற்றுங்கள்.

ஃப்ளாய்டு ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜ் (கம்பிகளின் அடி நுனியைத் தாங்குகிற பகுதி) உள்ள கிதாரில் மாற்றுக் கிதார் இல்லாவிட்டால் கதை கந்தல்தான். ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் ஸ்பிரிங்கின் இழுப்பு, இரண்டும் தராசு மாதிரி நிற்கின்றன. ஒரு கம்பி போனால் தராசு சாய்ந்து மிச்சம் ஐந்தும் சுருதி விலகிவிடும்.

புதுக் கம்பி மாட்டியதும் அதை விரலால் மெதுவாக இழுத்து இழுத்து விட்டு, மறுபடி சுருதி சேருங்கள். மூன்று நான்கு தடவை செய்தால்தான் நிற்கும். கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் முழு செட்டையும் மாற்றுகிற பழக்கம் உங்கள் நண்பனுக்கு இருந்தால், முந்தின நாளே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: புது 9 வோல்ட் பேட்டரி போட்டும் பாதியில் பேஸ் செத்துவிட்டது. போலி பேட்டரியா?

பதில்: மதியமே கேபிள் ஜாக்கைச் செருகி வைத்தீர்களா? ஆக்டிவ் பேஸிலும் பெரும்பாலான பெடல்களிலும் தனி சுவிட்ச் கிடையாது, ஜாக் உள்ளே போனாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். வாசிக்காத நேரத்தில் கழற்றி வையுங்கள்.

கேள்வி: காதடைப்பான் போட்டால் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: செய்யட்டும். ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் சொல்கிற வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100 சுலபமாகத் தாண்டும். நீங்களோ சவுண்ட் செக்கிலிருந்து கடைசிக் குழு வரை அங்கேயே நிற்கிறவர். உலக சுகாதார நிறுவனமும் இசை அரங்குகளுக்கு 2022இல் ஒரு வரையறை வெளியிட்டது: 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது.

ஃபோம் வகையை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். காது வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்பது அடைப்பானே அல்ல. எனக்கு இடது காதில் ஒரு மெல்லிய "கிய்ங்" நிரந்தரமாகக் குடியிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் கிண்டல் செய்தவள்தான்.

கேள்வி: கச்சேரியைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. மிக்சரிலிருந்து நேராக ஒலி எடுத்தால் பிரமாதமாக இருக்குமா?

பதில்: சின்ன அரங்கில் இருக்காது. டிரம்ஸும் கிதார் ஆம்பும் தாமாகவே அறையை நிரப்பிவிடுவதால் மிக்சர் வழியாக அவை கொஞ்சமாகவே போகும். பதிவில் பாடகர் தனியாகக் குளியலறையில் கத்துகிற மாதிரி இருக்கும். மிக்சர் ஒலியையும், அறையில் வைத்த ஒரு ரெக்கார்டரின் ஒலியையும் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்க சவுண்ட் இன்ஜினியர் பக்கத்தில் நில்லுங்கள், அறையில் ஒலி நன்றாக இருக்கிற இடம் அதுதான்.

கேள்வி: செட்லிஸ்ட் (வாசிக்கப் போகிற பாட்டுகளின் வரிசை) எழுத ஏதாவது விதி உண்டா?

பதில்: கறுப்பு மை, பெரிய எழுத்து, ஆளுக்கு ஒரு தாள். சிவப்பு மையில் எழுதினால் சிவப்பு விளக்கு விழும்போது தாள் வெறுமையாகத் தெரியும். சுருதி மாறுகிற பாட்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள். நான்கு மூலையிலும் டேப்.

கேள்வி: குழு சுமாராகத்தான் வாசித்தது. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன சொல்ல?

பதில்: அன்றைக்கு ராத்திரி நன்றாக இருந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டின் முடிவு, டிரம்மரின் ஒரு திருப்பம், ஏதாவது இருக்கும். "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லை யாரும் நம்புவதில்லை. குறைகளை இரண்டு நாள் கழித்து, அவர்களாகக் கேட்டால் மட்டும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஐந்து நிமிடம் சுருதி சேர்த்தார்கள் என்பது போன்ற குறையைச் சொல்லலாம், சரிசெய்ய முடியும். பாடகருக்குக் குரல் இல்லை என்பதைச் சொல்லி என்ன பயன்?

கேள்வி: முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் எப்போது கிளம்பலாம்?

பதில்: அடுத்த குழு காத்திருந்தால் முதலில் மேடையைக் காலி செய்யுங்கள். சிம்பலைக் கழற்றுவது, கேபிள் சுற்றுவது எல்லாம் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். வால்வு ஆம்ப் கொஞ்சம் ஆறட்டும். வண்டியில் கனமானது அடியில், சுவரோடு ஒட்டி. சக்கரம் உள்ள பெட்டி ஓடாதபடி கட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாகத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம், இருவராகத் தூக்குங்கள்.

வரும்போது எத்தனை உருப்படி ஏற்றினோம் என்று எண்ணி எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதே எண் திரும்பவும் வர வேண்டும். ஒன்று குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடையின் பின்சுவருக்குப் போங்கள். எங்கள் குழு இதுவரை விட்டுவிட்டு வந்தவற்றில் பாதி, பிளக் பாயிண்டில் தொங்கிய பெடல் அடாப்டர்கள்.