வரிசையில் நிற்பது யார்? – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் காவேரிப்பட்டினம். பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேமில் (பெரிய மையக் கணினியில்) டிபி2 என்ற தரவுத்தளத்தைப் பார்க்கிறேன். "எந்திரம் 95 சதவீதம் ஓடினாலும் பதற வேண்டாம்" என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எங்கள் மேலாளர் 70-ஐத் தாண்டினாலே ஆபத்து என்கிறார். வரிசைக் கோட்பாட்டுச் சூத்திரமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. நீங்கள் சொன்னது எப்படிச் சரியாகும்?

கேட்கக் காரணம் உண்டு. 2 மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த இரவு பேட்ச் வேலை (மொத்தமாக ஓட்டும் வேலை) ஒன்று இப்போது 5 மணி நேரம் இழுக்கிறது. சிபியு போதவில்லை, கூடுதலாக வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. டிபி2 ஒவ்வொரு வேலைக்கும் எங்கே எவ்வளவு நேரம் போனது என்று எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் 101 பதிவில் நான் எடுத்த கணக்கு இது: டிபி2-க்குள் கழிந்த நேரம் 280 நிமிடம். அதில் சிபியு 40, க்ளாஸ் 3 காத்திருப்பு (டிபி2 காரணத்தோடு பதியும் காத்திருப்பு) 232. காத்திருப்பில் சிங்க்ரனஸ் ஐஓ, அதாவது டிஸ்க்கிலிருந்து பக்கம் வரும்வரை வேலை நிற்பது, மட்டும் 210. அந்த டேபிளுக்கு ரீஆர்க் (கலைந்த தரவை மறுபடி வரிசைப்படுத்தும் வேலை) ஓட்டி ஏழு மாதம் ஆகிறது.

இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மேலாளரின் சூத்திரம் சரிதான். மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் லாரிகள் நிற்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். எடைமேடை ஒன்றுதான், லாரிக்குச் சராசரியாக 10 நிமிடம், வருகையும் எடை போடும் நேரமும் ஒழுங்கில்லாமல் கூடிக்குறைகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேடை 70 சதவீதம் வேலையில் இருந்தால், வந்த லாரி வெளியேறச் சராசரி 33 நிமிடம். 90 சதவீதத்தில் 100 நிமிடம். 95-ல் 200.

ஆனால் இது எல்லா லாரியையும் சமமாக நடத்தும் கணக்கு. கனிந்த பெங்களூரா மாம்பழம் ஏற்றி வந்த லாரிக்கு எப்போதும் முதலிடம், மேடையில் காய் லோடு நின்றால் அதைக்கூட இறக்கிவிட்டு வழி விடலாம் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். கனிந்த லோடுகள் மட்டும் மேடையின் 50 சதவீத நேரத்தை எடுத்தால், அவற்றைப் பொறுத்தவரை அது பாதி காலியாக இருக்கும் மேடை. 20 நிமிடத்தில் வெளியே போய்விடும். மிச்ச நேரத்தைக் காய் லோடு நிரப்பி மேடை 95-ஐத் தொட்டாலும் கனிந்த பழத்துக்கு ஒரு கேடும் இல்லை.

மெயின்ஃப்ரேமின் இயக்க முறைமையான இசட்/ஓஎஸ்-இல் வொர்க்லோட் மேனேஜர் செய்வது இதைத்தான். முக்கியத்துவம் 1 முதல் 5 வரை, அதற்கும் கீழே இலக்கே இல்லாத டிஸ்க்ரீஷனரி வேலைகள். ஏடிஎம் பரிவர்த்தனை மேலே, அவசரமில்லாத அறிக்கை கீழே. போதாததற்கு உங்கள் எந்திரத்தில் பல எஞ்சின்கள் (சிபியுக்கள்) இருக்கும். ஒற்றை மேடையைவிடப் பல மேடைக்கு வரிசை மெதுவாகத்தான் வளரும். ஆகவே எந்திரம் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த நேரத்தில் வரிசையில் நிற்பது யார் என்று பாருங்கள். எந்திரத்தின் ஓட்டத்தை அளந்து காட்டும் ஆர்எம்எஃப் அறிக்கையில் முக்கியத்துவம் 1, 2 வேலைகளின் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ் 1-ஐத் தாண்டினால் இலக்கு தவறுகிறது என்று பொருள். அப்போது மேலாளரின் கவலை நியாயமானது. 95 என்று எழுதியபோது இந்த நிபந்தனையை நான் சேர்த்திருக்க வேண்டும். விட்டது என் பிழை. (மென்பொருள் வாடகை தனி விஷயம். நான்கு மணி நேர நகரும் சராசரியின் மாத உச்சத்தை வைத்துப் பணம் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால், காய் லோடும் பில்லை ஏற்றும்.)

இனி உங்கள் பேட்ச். 280-இல் சிபியு 40, காத்திருப்பு 232 போக மிஞ்சுவது 8 நிமிடம். டிபி2-ஆல் கணக்குக் காட்ட முடியாத நேரம் இது. சிபியு கிடைக்காமல் வேலை தவித்திருந்தால் அந்தத் தவிப்பு பெரும்பாலும் இந்த மிச்சத்தில்தான் வந்து விழும். 8 நிமிடத்துக்காக யாரும் எஞ்சின் வாங்க வேண்டாம். வாங்கினாலும் 210 நிமிடம் அப்படியே நிற்கும்.

அந்த 210-ஐ உடைத்துப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து ஒரு தடவை படிக்க 1 மில்லிசெகண்ட் என்று கொண்டால் 1 கோடியே 26 லட்சம் தடவை. அந்த வேகத்தில் டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது, எண்ணிக்கைதான் நோய். பழைய இரவுகளின் 101 பதிவை எடுத்து கெட்பேஜ் எண்ணிக்கையை, அதாவது நிரலுக்காக டிபி2 எத்தனை தடவை பக்கம் கேட்டது என்பதை, ஒப்பிடுங்கள். கெட்பேஜ் மாறாமல் ஐஓ மட்டும் ஏறியிருந்தால், அதே நேரத்தில் ஓடும் வேறொரு வேலை பஃபர் பூலை (படித்த பக்கங்களை டிபி2 நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தை) பிடுங்குகிறதா என்று தேடுங்கள். கெட்பேஜும் ஏறியிருந்தால் இரண்டு சந்தேகம்: ரீபைண்டுக்குப் பின் ஆக்ஸஸ் பாத் (தரவை எட்ட டிபி2 தேர்ந்தெடுக்கும் வழி; ரீபைண்ட் அதை மறுபடி தேர்வு செய்யும்) மாறியிருக்கலாம், அல்லது டேபிள் கலைந்திருக்கலாம். ஏழு மாதம் என்றதும் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். பக்கங்களில் விட்டுவைத்த காலி இடம் தீர்ந்ததும் புதிய வரிகள் தங்கள் வரிசை முறையை விட்டு எங்கோ போய் உட்காரும். கணக்கு எண் வரிசையில் படிக்கும் நிரல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கத்தைத் தேடிப் போக வேண்டிவரும். ஒழுங்காக இருந்தால், முன்கூட்டியே படித்துவைக்கும் ப்ரீஃபெட்ச் 32 பக்கத்தை ஒரே மூச்சில் கொண்டுவந்து வைத்திருக்கும்.

டேபிளின் புள்ளிவிவரம் திரட்டும் ரன்ஸ்டாட்ஸ் எடுத்து, வரிகள் எவ்வளவு வரிசையாக இருக்கின்றன என்று காட்டும் க்ளஸ்டர் ரேஷியோவைப் பாருங்கள். சரிந்திருந்தால் ரீஆர்க். ரீபைண்டில் அவசரம் வேண்டாம் அம்மா, பழைய பேக்கேஜுக்கு (முந்தைய ஆக்ஸஸ் பாத் உள்ள வடிவத்துக்கு) திரும்ப வழி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பஃபர் பூலை ஏற்றிவிட்டால் போதாதா என்றும் அங்கே யாராவது சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஓர் அலுவலகத்தில் நான் அதைச் செய்தேன். நினைவகம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். பூல் பெருத்தது, இயக்க முறைமை பேஜிங்கில் (இடம் போதாமல் பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளுவதில்) இறங்கியது; டிபி2 நினைவகத்தில் இருப்பதாக நம்பிய பக்கம் டிஸ்க்கிலிருந்து வந்தது. காலையில் கவுண்டர் திறக்கும்போது ஆன்லைன் தவழ்ந்தது. வரிசையில் நின்றவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. பூலைத் தொடும் முன் பேஜிங் எண்ணைப் பார்க்கும் பழக்கம் அன்று வந்தது.

வீட்டில் கேட்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபிஎம் 1964-இல் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது, டிபி2 1983-இல் வந்தது. முகவரி 24 பிட்டிலிருந்து 31-க்கும், 2000-இல் 64-க்கும் போனது. பழைய நிரல்களைத் தூக்கி எறியாமலே போனது. அந்த நிரல்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். 101 பதிவைப் பிரித்து எழுதத் தெரிந்த பெண்ணுக்கு வேலை இருக்கும் என்று உங்கள் வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

ரீஆர்க் முடிந்த மறுநாள் இரவின் பதிவையும் அனுப்புங்கள். அந்த 1 கோடியே 26 லட்சம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, அன்புடன்.