பதினொன்றாம் வகுப்பு மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். போன் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

மதுரையில் செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வழியாகத் தல்லாகுளம், அரசு கொடுத்த சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூட்டர் வாங்கிக் கொடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பதினெட்டு வயது வேண்டும், விடுங்கள்.

போனைக் கையில் பிடித்து ஓட்டுவதை 2019 திருத்தத்திலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்த்தாகிவிட்டது. ரோட்டில் என்ன மாறியது? 40 கிலோமீட்டர் வேகத்தில் 2 வினாடி குனிந்தால் வண்டி 22 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டு டவுன் பஸ் நீளம். ஆகவே டிரைவர் பார்ப்பார் என்ற கணக்கே வேண்டாம். அவர் பார்க்காமல் விடும் இடத்தில் பிள்ளை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம்மூரில் போனைவிட மோசம் ஷேர் ஆட்டோ. டிரைவரின் கண் ரோட்டில் இருக்காது, ஓரத்தில் எவர் கை காட்டுகிறார் என்பதில் இருக்கும். கை தெரிந்ததும் ஒரே வெட்டாக இடதுபக்கம் வருவார். இண்டிகேட்டரை எதிர்பார்க்க வேண்டாம். முன் சக்கரம் திரும்புவதைப் பார்க்கச் சொல்லுங்கள், அது பொய் சொல்லாது. ஆட்டோவின் இடது பின்பக்கத்தை ஒட்டி ஒருபோதும் போகக் கூடாது. இரண்டு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னாலேயே வரட்டும், நின்றால் இவளும் நிற்கட்டும்.

பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் சந்து கிடைத்தால் நுழைவது பெரிய தப்பு. பஸ் இடதுபுறம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டி வரும். கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் இவளைத் தெரியாது.

சிக்னலில் பச்சை விழுந்தும் முன்னால் நிற்கிற கார் நகரவில்லையா? உள்ளே போன் ஓடுகிறது. பின்னாலிருந்து ஹாரன் அடித்ததும் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் பாய்வார். அந்த நேரத்தில் அவர் முன் இடது மூலையில் இருக்கக் கூடாது. சாயங்காலம் என்றால் போன் பார்ப்பவரைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம்: முகத்தில் கீழிருந்து நீல வெளிச்சம் அடிக்கும்.

சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் காரில் முன்கண்ணாடியின் வலது ஓரத்தில் இருக்கும் தூண் ஒரு சைக்கிளை முழுதாக மறைத்துவிடும். இருவரும் ஒரே சீரான வேகத்தில் வந்தால் மோதும் வரை அவள் தூணுக்குப் பின்னாலேயே இருப்பாள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், மறைவிலிருந்து வெளியே வந்துவிடுவாள்.

நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போகட்டும். நம் நாட்டில் டிரைவர் கதவு ரோட்டுப் பக்கம்தான் திறக்கிறது. நடுரோட்டில் போகச் சொல்கிறானே என்று சண்டைக்கு வராதீர்கள், ஒரு மீட்டர் என்றுதான் சொன்னேன்.

சைக்கிளில்: பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கை சீட்டுக்கடியில் மாட்டினால் கேரியரில் வைக்கும் புத்தகப் பை மறைத்துவிடும். மட்கார்டின் நுனியில் மாட்டுங்கள். டைனமோவை மட்டும் நம்ப வேண்டாம், சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும். பெடலில் இருக்கிற மஞ்சள் ரிஃப்ளெக்டரை வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மேலும் கீழும் ஆடுவதால் அதுதான் தூரத்திலிருந்தே கண்ணில் படும். பிரேக் கட்டை ரிம்மிலிருந்து 2, 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழிக்க வேண்டும்.

ஹெல்மெட் போடட்டும். அதைக் கடைசியில் சொன்னதற்குத் திட்டாதீர்கள், விழுந்த பிறகுதான் அது வேலை செய்யும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். குழாய்க்குத் தோண்டி மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போகிறார்களே, ஒரு மழையில் அது அரையடி இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் திடீரென்று வலதுபக்கம் ஒடிப்பது அதனால்தான். பின்னால் வருகிறவர் 'சைக்கிள் ஓட்டத் தெரியவில்லை' என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவளை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் ஒரு சைக்கிளில் அதே வழியில் போங்கள். எந்தப் பள்ளத்தில் ஒடிக்கிறாள், எங்கே திரும்பிப் பார்க்காமல் ஒடிக்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.