3, 4 வயதுக் குழந்தையோடு செய்ய எளிய இதய வடிவக் கைவேலை எது?

கத்தரி பிடிக்கத் தெரியாத வயதென்றால் உருளைக்கிழங்கு அச்சுதான் சுலபம். கிழங்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு நுனியில் 'வி' போலத் துண்டெடுத்து, மறுநுனியைக் கூராகச் சீவுங்கள் (கத்தி பெரியவர் கையில்தான்). வெட்டிய முகத்தைத் துணியால் நன்றாக ஒற்றிவிடுங்கள். கிழங்குத் தண்ணீர் கலந்தால் போஸ்டர் கலர் நீர்த்து ஓரம் கசியும். பெயிண்டில் நேராக முக்கினாலும் அப்பிக்கொள்ளும். ஈர ஸ்பாஞ்சில் பெயிண்டைத் தடவி, அதில் அழுத்தி எடுத்தால் அளவாக ஒட்டும்.

கத்தரி பழகிய பிள்ளைக்கு, மடித்த காகிதத்தில் மடிப்பை ஒட்டிப் பாதி இதயம் வரைந்து கொடுங்கள். மடிப்புப் பக்கம் பிள்ளையின் பிடியில் இருக்கட்டும். அதை வெட்டிவிட்டால் இரண்டு பாதிகள்தான் மிஞ்சும். சார்ட் பேப்பர் வேண்டாம், மடித்தால் சின்னக் கைக்கு வெட்ட வராது.