வாசகர் கேள்வி - பதில்: எல்லையோடு நின்ற வாய்க்கால்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராம ஊராட்சி. எங்களுக்கு மேட்டுப் பக்கத்தில் உள்ள ஊரில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டினார்கள். இப்போது அந்தத் தண்ணீர் எங்கள் தெருவில் வந்து நிற்கிறது. கேட்டால், "எங்கள் எல்லை வரைக்கும் கட்டிவிட்டோம்" என்கிறார்கள். எங்களை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் பிரச்சினை தீருமா?
- வாசகி ஒருவர்

பதில்: அம்மா, "எல்லை வரைக்கும்" என்ற அந்தப் பேச்சை முப்பது வருடம் கேட்டவன் நான். நகரமைப்பு அலுவலகங்களில் வரைவாளராக இருந்தேன். ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் வரைபடங்களை மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு தாளில் வாய்க்கால் புறம்போக்கு நீல மையில் எல்லை வரை வருகிறது. அடுத்த தாளில் அதே இடத்தில் வீட்டு மனைகள்! தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தாளிலும் தப்பு கிடையாது. அந்த மனைகளை வாங்கி வீடு கட்டியவர்கள் ஐப்பசி பிறந்தால் கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்கள்.

உங்கள் பக்கத்தையே பாருங்கள். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகத்தான் கடல் பக்கம் போக வேண்டும். 2021 தொடக்கத்தில் சிட்லபாக்கம் பேரூராட்சி, செம்பாக்கம் நகராட்சி, நன்மங்கலம் ஊராட்சி, கீழ்க்கட்டளை பல்லாவரம் நகராட்சியில், பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில். ஒரே தண்ணீருக்கு ஐந்து நிர்வாகம். அந்த நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்தில் மூன்று ஒன்றாயின. நடுவில் நன்மங்கலம் ஊராட்சியாகவே நின்றது. சதுப்பு நிலம் சென்னையிலேயே இருந்தது. சேர்ப்பதால் எல்லைக்கோடு கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். கோட்டுக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார வேண்டிய தேவை அப்படியே இருக்கும்.

இதற்கு அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்திலேயே வழி இருக்கிறது. 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் குழு வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். நிலத் திட்டமிடலையும் தண்ணீர்ப் பகிர்வையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போவேன்: தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ஊரின் சம்மதம் இல்லாமல், அனுப்பும் ஊர் ஒரு அடி வடிகால்கூடக் கட்டக் கூடாது.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? மேலே ஓர் ஊர், உங்கள் ஊர், கீழே ஓர் ஊர், மூன்றின் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) வாங்குங்கள். வாய்க்கால் புறம்போக்கு எந்தெந்த சர்வே எண்ணில் ஓடுகிறது, எங்கே அறுந்து போகிறது என்று குறியுங்கள். ஏரி யாருடையது என்றும் பாருங்கள்: பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தந்த ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மே 1 கிராம சபையில் சர்வே எண்களோடு தீர்மானம் போடுங்கள். நவம்பர் 1 கிராம சபை வரை காத்திருந்தால் மழை வந்துவிடும். நகலைப் பக்கத்து உள்ளாட்சிக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். சென்னைப் பெருநகரில் எந்த நிலம் எதற்கு என்று சொல்லும், 2026ஐ இலக்காக வைத்த இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு அடுத்தது தயாராகும் நேரம் இது. அதனால் அதைத் தயாரிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) ஒரு நகல் போகட்டும்.

கேள்வி: சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி 2022இல் அரசாணை வந்தது. எங்கள் ஊராட்சியின் அதிகாரம் போய்விடுமா?
- திருவள்ளூர் மாவட்ட வாசகர்

பதில்: ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் அதன் கையில்தான். எந்த நிலம் வயல், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்பது பெருநகர அளவில் முடிவாகும். திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் கேட்பார்கள். உங்கள் ஏரியும் வாய்க்காலும் மேய்ச்சல் நிலமும் அதில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். போகும்போது அடுத்த ஊராட்சிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஏரியின் கலங்கலுக்கு, அதாவது உபரி நீர் வழியும் இடத்துக்குக் கீழே இருப்பது அவர்கள் நிலம்.