அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதிப் பாருங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆய்வேட்டில், மும்பை தாராவியின் இட்லி வியாபாரிகள் பற்றிய அத்தியாயத்தில் ‘நவதாராளவாதம்’ (பொதுவாக, அரசு ஒதுங்கிச் சந்தைக்கு வழிவிட வேண்டும் என்ற போக்கு) என்று இருபது இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன பொருள் என்று நெறியாளர் கேட்டபோது விழித்தீர்கள். இன்னும் இரண்டு கோட்பாட்டு நூல்களைப் படிக்கட்டுமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

சொல்லை அடித்துவிட்டு, அந்தந்த இடத்தில் நடந்ததை எழுதுங்கள். நீங்கள் பகிர்ந்த பத்தியில் வரும் பெரியவர், பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் வேலை போனபின் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டியவர். அந்த வேலைநிறுத்தம் தொடங்கியது 1982 ஜனவரியில். தாராளமயக் கொள்கை வந்ததோ 1991இல். ஒன்பது ஆண்டுகளை உங்கள் சொல் விழுங்கிவிட்டதே! அவர் மனைவி விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றுகிறார். உளுந்தைக் கடனாகத் தருவது யார், என்ன வட்டிக்கு? அந்த அம்மாவிடம் இதைக் கேட்டீர்களா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1938இல் பாரிஸில் கூடிய சில அறிஞர்கள் தங்கள் சிந்தனைக்கே அந்தப் பெயரை ஏற்றார்கள். இன்று அது பெரும்பாலும் எதிர்ப்பாளர்கள் சூட்டும் பெயர். எந்தப் பொருளில் என்று சொல்லாமல் விட்டால் நெறியாளர் கேட்கத்தான் செய்வார்.

மாதுங்காவில் தங்கி ஆய்வேடு எழுதிய நாளில் இதே சிக்கலில் ஓராண்டு தவித்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அடித்த பிறகும் சில இடங்களில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது என்று தோன்றினால், அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பத்தியை இங்கே இடுங்கள், படிக்கிறேன்.