மழையில் போய் வீடு பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

மலைநாட்டு டவுன் வாழ்க்கை பற்றி வந்த கடிதங்களில் மூன்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். நான் பிறந்தது அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் காம்பரா ஒன்றில். உப தபாலதிபராக வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது டவுனில்தான் இருக்கிறேன்.

அக்கா, நான் வத்தளையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அம்மா அப்புத்தளையில் லயத்தில் தனியாக இருக்கிறார். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்ததிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. டவுனில் வீடு எடுத்து அம்மாவோடு குடியேற நினைக்கிறேன். ஒரு வீடு பார்த்தேன். புதுப் பெயின்ட், டைல்ஸ் எல்லாம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்க முன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, வத்தளை

தங்கச்சி, நீங்கள் அந்த வீட்டைப் பார்த்தது வெயில் நாளில் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸைக் கையிலேயே வைத்திருங்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்யட்டும், மூன்றாம் நாள் குடையோடு அதே வீட்டுக்குப் போங்கள்.

முன்கதவால் நுழையாமல் நேரே பின்பக்கம் போங்கள். அப்புத்தளை மலை முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். சமநிலம் இல்லாததால் மண்ணை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். வெட்டிய மண் சமையலறைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும். அதற்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா? அந்தச் சுவரில் தண்ணீர் வடியப் பைப் துண்டுகள் வைத்திருக்கிறார்களா? மழை நாளில் அவற்றிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். ஓட்டைகள் அடைத்து, சுவர் மட்டும் ஈரமாக வயிறு தள்ளி நின்றால், அந்த மழைநீரின் பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்குகிறது. அப்படிப்பட்ட வீட்டை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் பின்சுவர் எந்நேரமும் குளிர்ந்து வியர்த்திருக்கும். அலுமாரியை அந்தச் சுவரோரம் வைத்திருந்தேன். ஒரு மார்கழியில் திறந்து பார்த்தால் மகனின் சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் பச்சைப் பூஞ்சணம். துணியால் துடைக்கத் துடைக்க எழுத்தும் சேர்ந்து வந்தது. வீட்டுக்காரர் அதற்கு முந்திய மாதம்தான் பெயின்ட் அடித்துத் தந்திருந்தார். அதனால் சொல்கிறேன், பெயின்டை நம்பாதீர்கள். உள்ளங்கையைச் சுவரில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

தரையில் புதிய வெடிப்பு, திடீரென இறுகிப்போன கதவு, சாய்ந்து நிற்கும் மரம், இல்லாத இடத்தில் கிளம்பிய ஊற்று, ஊற்றுப் பீலியில் கலங்கி வரும் தண்ணீர் – இவையெல்லாம் மண் நகர்வதன் அறிகுறிகள். குடிபோன பிறகும் ஒவ்வொரு மழைக்கும் இவற்றைப் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனம், 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். சிவப்பு வந்த பிறகு அம்மா சட்டி பானை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போவதற்கு வேறு இடம் இல்லாமல் இருந்த சனம் அது. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்தது தண்ணீர். டவுன் குழாயா, மேலேயிருந்து கறுப்புப் பைப்பில் வரும் ஊற்றா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். நம் ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்றுத்தான் வீசும். ஊற்று வற்றுவதும், தகரக் கூரை கிளம்புவதும் அந்த மாதங்களில்தான். கூரைமேல் பழைய டயரும் கல்லும் வைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை அவை காட்டிக் கொடுக்கும்.

அம்மா வர மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரை வற்புறுத்த முன் ஒன்றை விசாரியுங்கள். லயக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அது தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் காணியோடு வீடு கொடுக்கும் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறதா, குடியிருப்பை விட்டு வந்தால் அந்தப் பெயர் என்னவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு அந்தத் துண்டுக் காணி சின்ன விஷயம் இல்லை. பதில் வரும்வரை, மழை கடுமையான நாட்களில் மட்டும் அவரை டவுன் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். கோழிகளையும் கொண்டுவரச் சம்மதியுங்கள், வருவார்.

மட்டக்களப்பிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தேன். எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு வேகவில்லை. மாமி என் கைராசி என்கிறார்.
– வாசகி, அப்புத்தளை

மகள், கைராசி இல்லை, ஊரின் உயரம். 1,400 மீற்றருக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைவு. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி தெரியும், சூடு போதாது. மைசூர்ப் பருப்பை அரை மணி ஊறவைத்து மூடி போட்டு அவியுங்கள். கடலை, கௌப்பி என்றால் பிரஷர் குக்கர்தான். உப்பையும் புளியையும் வெந்த பிறகு சேருங்கள். மாமிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் திகதி முடிந்து நான்கு நாள் கழித்து என் கைக்கு வந்தது. தோட்டத்து ஒபிசில் கிடந்ததாம். இனி என்ன செய்வது?
– வாசகி, ஹல்துமுல்லை

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். என் கவுண்டருக்கு முன்னாலும் ஒரு பிள்ளை இப்படி நின்றிருக்கிறாள். ஆசிரியர் நியமனத்துக்கான கடிதம் வந்ததா என்று கேட்டாள். பழுப்பு நிற நீள உறை, நானே முத்திரை குத்தி, தோட்டத்து ஒபிசுக்குப் போகும் தபால் பையில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பதினொரு நாளாகியிருந்தது. ஓடிப்போய் ஒபிசில் வாங்கி வந்து, என் முன்னாலேயே பிரித்தாள். மடித்த தாளில் திகதியைத்தான் முதலில் தேடினாள். பிறகு தாளைத் திரும்ப அதே மடிப்பில் மடித்து உறைக்குள் போட்டாள். ஒன்றும் பேசவில்லை. டவுனில் கடைக்காரருக்குக் கடிதம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒரு மைல் தள்ளி லயத்தில் இருப்பவருக்கு அது இன்னொருவரின் மேசையைத் தாண்டி வர வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க என்னை உறுத்திய அநியாயம் இது.

இப்போது செய்ய வேண்டியது: உறையை எறியாதீர்கள். அனுப்பிய தபாலக முத்திரையும் வந்து சேர்ந்த தபாலக முத்திரையும் அதில் இருந்தால், தாமதம் எங்கே நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இரு பக்கத்தையும் போட்டோ பிரதி எடுத்து, வேறு திகதி தரும்படி உடனே பதிவுத் தபாலில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது அரச மொழி. உங்கள் ஹல்துமுல்லை பிரதேச செயலகமும் இருமொழிப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்டதுதான். பிரதி ஒன்றை அங்கேயும் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இனிமேல் விண்ணப்பம் போடும்போது தோட்டத்தின் பெயரோடு நிறுத்த வேண்டாம். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, லய இலக்கம், காம்பரா இலக்கம், கைபேசி இலக்கம் எல்லாம் எழுதுங்கள். டவுனில் நம்பிக்கையான கடையோ உறவுக்காரர் வீடோ இருந்தால் அந்த முகவரியைக் கொடுப்பது நல்லது. தபாலகத்தில் தனியார் தபால் பெட்டி வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெட்டி கிடைத்தால் சாவி உங்கள் கையில் இருக்கும்.