சிவப்பாக இருந்தால் அது கள்ளிப்பழ விதை எண்ணெய் இல்லை

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் ‘சப்பாத்திக்கள்ளி விதை எண்ணெய்’ 100 மில்லி 450 ரூபாய்க்கு வாங்கினேன். நல்ல சிவப்பு நிறம். தினம் ஒரு ஸ்பூன் குடித்தால் சர்க்கரை நோய் தீரும் என்று லேபிளில் இருக்கிறது. குடிக்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: குடிக்காதீர்கள் அம்மா. பழத்தின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டில் உள்ளதும் இதே வகைதான். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விதையைப் பிழிந்தால் வெளிர் மஞ்சளாக, லேசான பச்சை கலந்த எண்ணெய்தான் வரும். உங்கள் பாட்டிலில் வேறு ஏதோ சாயம் சேர்ந்திருக்கிறது.

விலையும் இடிக்கிறது. விதையில் எண்ணெய் மிகக் குறைவு. ஒரு லிட்டர் எடுக்க ஏறக்குறைய ஒரு டன் பழம் வேண்டும்; 100 மில்லிக்கு 100 கிலோ. 450 ரூபாயை அதில் வகுத்தால் கிலோவுக்கு நாலரை ரூபாய். சுணை (நுண்ணிய முள்) நீக்கி, விதை பிரித்து, உலர்த்திப் பிழியும் கூலிக்கே அது காணாது.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். உறைந்தால் தேங்காய் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கலாம். உறையாவிட்டாலும் அசல் என்று நம்பிவிட முடியாது, சூரியகாந்தி எண்ணெயும் உறையாது. இரண்டிலும் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமே பிரதானம், சுமார் 60 சதவீதம். கள்ளி விதை எண்ணெயில் காமா வகை வைட்டமின் ஈ-யும் பீட்டா சிட்டோஸ்டிரால் என்ற தாவரக் கொழுப்புப் பொருளும் கூடுதல். தோலுக்குப் பூச நல்லது. சமையலுக்காக இத்தனை விலை கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று இருந்தால் சொட்டுக்கூட வாயில் வைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது மருந்துகள், மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உணவுப் பொருள் என்றால் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். பில், பாட்டில், லேபிளின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். சரிவராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வேலியில் நிறையச் சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுக்கிறது. விதையை அப்படியே விழுங்கினால் சத்து கிடைக்குமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கிடைக்காது. ஓடு கல் மாதிரி, முழுசாக வெளியேறிவிடும். நிறைய விழுங்கினால் குடலில் கட்டியாக அடைத்து, மலம் இறங்காமல் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். குழந்தைகளுக்கு வடிகட்டிய சாறு மட்டும் கொடுங்கள்.

பழத்தை இடுக்கியால் பிடித்துத் தீயில் சுற்றிலும் வாட்டுங்கள். பூ உதிர்ந்த குழியில்தான் சுணை அதிகம், அந்தப் பக்கத்தைக் கத்தியால் சீவி எறியுங்கள். விதையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நைசாகப் பொடிக்கலாம். அதில் பெரும்பங்கு நார்ச்சத்துதான். அரைத்ததும் எண்ணெய் காற்றுபட்டுச் சிக்கடிக்கும். அதனால் கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரை ஸ்பூனில் தொடங்கி, தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.